கணினி வலையமைப்பை ஆவணப்படுத்துதலும் பழுதறிதலும்: மதுரை – தேனி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினி வலையமைப்பில் பழுது நேரும்போது அதனைச் சரிசெய்யும் நேரத்தைவிட, அது எங்குள்ளது எனத் தேடும் நேரமே பல வேளைகளில் மிகுதியாகிறது. தேடும் பரப்பைச் சுருக்குவதே வலையமைப்பு ஆவணத்தின் முதன்மைப் பயன் என்பது இக்கட்டுரையின் கருத்து. அரவிந்த் கண் மருத்துவமனை தேனி வட்டாரத்தில் அமைத்த கம்பியில்லா வலையமைப்பின் பட்டறிவையும், மதுரை காளவாசல் போன்ற நகர்ப்பகுதியில் இயங்கும் சிறு நிறுவனங்களின் சூழலையும் கொண்டு இக்கருத்து விளக்கப்படுகிறது. இடக் குறிப்பு, முகவரிக் குறிப்பு, இயல்புநிலைக் குறிப்பு, மாற்றக் குறிப்பு என நான்கு வகைக் குறிப்புகளும், அவை பயனற்றுப் போகும் சூழல்களும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வலையமைப்பு, ஆவணப்படுத்தல், பழுதறிதல், இயல்புநிலை, காளவாசல், அரவிந்த் கண் மருத்துவமனை.

1. முன்னுரை

மதுரை மாநகரின் மேற்குப் பகுதியில், புறவழிச்சாலையும் தேனிச் சாலையும் சந்திக்கும் இடம் காளவாசல். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளையைக் குறிக்கும் சொல் இன்று மேம்பாலமும் கடைவீதியும் அமைந்த ஒரு சந்திப்பின் பெயராக நிலைத்துள்ளது. இச்சந்திப்பிலிருந்து மேற்கே செல்லும் சாலை நாகமலை புதுக்கோட்டை, மதுரை காமராசர் பல்கலைக்கழகம், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனியை அடைகிறது. சாலையின் இருபுறமும் உள்ள மருந்தகம், இரத்தப் பரிசோதனைக் கூடம், பயிற்சி நிறுவனம், வங்கிக் கிளை ஆகிய எதுவும் இன்று வலையமைப்பு இன்றி ஒரு முற்பகல்கூட இயங்குவது கடினம்.

இத்தகைய சிறு நிறுவனங்கள் பொதுவாகத் தமக்கெனத் தனியே ஒரு வலையமைப்புப் பொறியாளரை அமர்த்திக்கொள்வதில்லை. கேபிள் இழுத்தவர் ஒருவர். கணினி விற்றவர் மற்றொருவர். கண்காணிப்புக் கேமரா பொருத்தியவர் வேறொருவர். இணைய இணைப்பு வழங்குபவர் இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் தாம் செய்தது மட்டும் தெரியும். முழு வலையமைப்பும் எவ்வாறு அமைந்துள்ளது என்பது பல இடங்களில் ஒருவருடைய நினைவில் மட்டுமே இருக்கிறது. சில இடங்களில் ஒருவருடைய நினைவிலும் இல்லை. பழுது நேர்ந்த நாளில் அந்த ஒருவர் ஊரில் இல்லையெனில், மற்றவர்கள் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகிப் பார்க்கும் நிலை உருவாகிறது. ஓடிக்கொண்டிருந்த பகுதியும் அதனால் நின்றுபோவதுண்டு.

இந்நிலையை மாற்றுவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒழுங்கான குறிப்பு தேவை. எதனைக் குறிக்க வேண்டும், ஏன் குறிக்க வேண்டும், குறித்தது எப்போது பொய்த்துப்போகும் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

2. தேடும் பரப்பும் ஆவணமும்

ஒரு கணினியிலிருந்து இணையம் வரை செல்லும் வழியைச் சங்கிலியாகக் கொள்ளலாம். கணினி, மேசைக் கேபிள், சுவர்ப் பெட்டி, சுவருக்குள் செல்லும் கேபிள், கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனல், ஸ்விட்ச், திசைவி என்று தமிழில் வழங்கும் ரவுட்டர், வெளியிலிருந்து வரும் ஒளியிழை என அதில் எட்டுக் கண்ணிகள் உள்ளன எனக் கொள்வோம். ஏதோ ஒரு கண்ணி பழுதாகியுள்ளது. ஒரு முனையிலிருந்து வரிசையாகச் சோதித்தால் ஏழு சோதனைகள் வரை தேவைப்படலாம். சங்கிலியின் நடுவே சோதித்து, பழுது அதற்கு இப்பாலா அப்பாலா எனப் பிரித்துக்கொண்டே சென்றால் எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். மூன்று சோதனைகளில் பழுது பிடிபடும்.

இந்தப் பாதியாக்கும் முறை வலையமைப்புத் துறையில் பரவலாக அறியப்பட்டதே. ஆயினும் அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. சங்கிலியின் கண்ணிகள் எவை, எந்த வரிசையில் உள்ளன என்பது தெரிந்தால்தான் நடுப்பகுதி எது என்பது தெரியும். ஆவணம் இல்லாத இடத்தில், தேர்ந்த பொறியாளரும் முதலில் சங்கிலியைக் கண்டறிவதிலேயே தம் நேரத்தைச் செலவிட நேர்கிறது. அவருடைய அறிவு பயன்படத் தொடங்கும் இடம் ஆவணம் முடியும் இடமாகும்.

ஆவணத்தின் தேவையும் அதன் எல்லையும் இணையத்தின் தொடக்கக் காலத்திலேயே உணரப்பட்டன. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இணைந்திருந்த கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் பதியப்பட்டு, ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்த வலையமைப்புத் தகவல் மையத்தால் பேணப்பட்டன. ஏனைய இடங்கள் அக்கோப்பைப் படியெடுத்துக்கொண்டன. கணினிகளின் எண்ணிக்கை பெருகியபோது, கையால் திருத்தப்படும் ஒரே கோப்பு மாற்றங்களுக்கு ஈடுகொடுக்க இயலாமற் போயிற்று. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் என்னும் பெயர் முறைமை அச்சிக்கலுக்குத் தீர்வாக வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பகுதியின் பதிவைத் தானே பேணும் வகையில் அது அமைந்தது. மாற்றம் நிகழும் இடத்திற்கு அருகில் இருப்பவரே பதிவைத் திருத்தினால்தான் அது உண்மையாக இருக்கும் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

3. தேனி வட்டாரக் கண் மருத்துவ வலையமைப்பு

பழுதைத் தேடுவதன் செலவு எத்தகையது என்பதைத் தெளிவாகக் காட்டும் சான்று காளவாசலிலிருந்து மேற்கே செல்லும் இதே சாலையின் மறுமுனையில் உள்ளது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் விஷன் சென்டர் எனப்படும் ஆரம்பநிலைக் கண் பரிசோதனை மையங்களைச் சிற்றூர்களுக்கு அருகில் நிறுவியது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைப் பரிசோதிப்பார். மருத்துவமனையில் இருக்கும் கண் மருத்துவர் காணொளி வழியே நோயாளியுடன் பேசி முடிவு சொல்வார். இதற்கு மையத்தையும் மருத்துவமனையையும் இணைக்கும் நம்பகமான வலையமைப்பு தேவைப்பட்டது.

தேனியில் உள்ள அரவிந்த் மருத்துவமனையுடன் ஐந்து மையங்களை இணைக்கும் நெடுந்தொலைவு வைஃபை வலையமைப்பு, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வுக்குழுவின் துணையுடன் அமைக்கப்பட்டது. சொனேஷ் சுரானா, ராபின் பத்ரா, எரிக் புரூவர் உள்ளிட்டோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அதன் அமைப்பை விவரிக்கிறது. அதன்படி அவ்வலையமைப்பில் 11 கம்பியில்லா ரவுட்டர்கள் இருந்தன. அவற்றுள் 6 இறுதி முனைகள், 5 இடைநிலை அஞ்சல் முனைகள். அவற்றை இணைத்த 9 இணைப்புகளின் நீளம் 1 கி.மீ. முதல் 15 கி.மீ. வரை இருந்தது. ஆறு கருவிகள் 24 முதல் 42 மீட்டர் வரை உயரமுள்ள கோபுரங்களில் பொருத்தப்பட்டன. ஆலை ஒன்றின் புகைபோக்கியும் இதற்குப் பயன்பட்டது.

இங்கு ஒரு மையத்தில் காணொளி நின்றுபோனால் மையப் பணியாளருக்குத் தெரிவது ‘இணைப்பு இல்லை’ என்பது மட்டுமே. காரணமோ கணினியில் இருக்கலாம், கேபிளில் இருக்கலாம், இடைநிலைக் கோபுரத்தின் மின்வழங்கலில் இருக்கலாம், காற்றில் திசை திரும்பிய ஆன்டெனாவில் இருக்கலாம். தவறான ஊகம் ஒவ்வொன்றும் ஒரு பயணத்தையும், சில வேளைகளில் ஒரு கோபுர ஏற்றத்தையும் வேண்டும். அதுவரை, பார்வை மங்கிய முதியவர் ஒருவர் திரையின் முன்னே காத்திருப்பார். அல்லது திரும்பிச் சென்றுவிடுவார். வலையமைப்புப் பழுது ஒரு தொழில்நுட்பச் செய்தி மட்டும் அன்று என்பதை இச்சூழல் உணர்த்துகிறது.

அவ்வாய்வுக்குழு கண்ட முடிவுகளுள் இரண்டு நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையவை. முதலாவது, பழுதுகளுள் பெரும்பாலானவற்றுக்குத் தரம் குன்றிய மின்வழங்கலே அடிப்படைக் காரணமாக இருந்தது. எனவே, மின்வழங்கல் பற்றிய செய்தி இல்லாத வலையமைப்பு ஆவணம் நம் நாட்டுச் சூழலில் குறையுடையதாகும். இரண்டாவது, ரவுட்டர்கள் தம் நிலையைக் குறித்த காலத்தில் தாமாகவே வெளியிலுள்ள ஒரு சர்வருக்கு அனுப்பும் முறை உருவாக்கப்பட்டது. இவ்வாறு திரண்ட குறிப்புகளில் இணைப்பின் சமிக்ஞை வலிமை நாள்தோறும் பதிவாயிற்று. வலிமை திடீரெனக் குறைந்ததா, சிறிது சிறிதாகக் குறைந்ததா என்பதைக் கொண்டு காரணங்களைப் பிரித்தறிய முடிந்தது. கோபுரத்தில் ஏறுவதற்கு முன்பே எதற்காக ஏறுகிறோம் என்பது தெரிந்தது.

மருத்துவமனையில் நோயாளி ஒருவருக்குத் தனிக்குறிப்பேடு உண்டு. முன்பு இருந்த பார்வை அளவு, கொடுத்த மருந்து, செய்த அறுவை ஆகியன அதில் இருக்கும். புதிய மருத்துவரும் அதனைப் படித்துவிட்டுப் பரிசோதனையைத் தொடங்க இயலும். வலையமைப்புக்கும் இத்தகைய குறிப்பேடு ஒன்று வேண்டும். அதன் கூறுகளை இனிக் காணலாம்.

4. நால்வகைக் குறிப்புகள்

4.1 இடக் குறிப்பு

எந்தக் கருவி எங்குள்ளது, எந்தக் கேபிள் எங்கிருந்து எங்கு செல்கிறது என்பதைக் கூறுவது இடக் குறிப்பு. கட்டடத்தின் தள வரைபடத்தில் கருவிகளைக் குறித்தல் இதன் தொடக்கம். அடுத்து ஒவ்வொரு கேபிளுக்கும் ஓர் எண் இட்டு, அதே எண்ணை அதன் இரு முனைகளிலும் ஒட்டுதல் வேண்டும். ஒரு முனையில் மட்டும் ஒட்டப்பட்ட சீட்டு, தேடுபவருக்கு எதையும் சொல்லாது. கட்டடக் கேபிள்களுக்கு எண்ணிடும் முறையை வகுக்கும் டிஐஏ-606 என்னும் தரநிலை 1993 முதல் உள்ளது. சிறு நிறுவனத்திற்கு அதன் எளிய வடிவமே போதும். ‘2-அ-14’ என்றால் இரண்டாம் தளம், அ என்னும் ஸ்விட்ச், 14-ஆம் போர்ட் என்று பொருள்படுமாறு அமைத்தால், எண்ணே முகவரியாகிவிடும்.

கேபிளின் நீளமும் குறிக்கத்தக்கது. செம்புக் கேபிளில் ஈதர்நெட் இணைப்பின் எல்லை 100 மீட்டர். அந்த எல்லைக்கு அருகில் இருக்கும் கேபிளில் விட்டுவிட்டு வரும் பழுதுக்கு நீளமே காரணமாக இருக்கலாம். கருவி எந்த யுபிஎஸ்-இல் இணைந்துள்ளது, அதன் மின்கலம் எப்போது மாற்றப்பட்டது என்பனவும் இதில் இடம்பெற வேண்டும். மின்தடை நேரும்போதெல்லாம் ஒரு தளம் மட்டும் இணைப்பை இழந்தால், அதற்கான விடை பெரும்பாலும் இவ்வரியில் இருக்கும்.

கட்டடத்திற்கு வெளியே செல்லும் ஒளியிழையை நிறுவனம் பேண இயலாது. ஆனால் அது எந்தப் பக்கமாகக் கட்டடத்திற்குள் நுழைகிறது, இணைப்பு வழங்குநரின் வாடிக்கையாளர் எண் யாது, எந்த எண்ணில் புகார் அளிக்க வேண்டும் என்பன குறிக்கப்பட வேண்டியவை. சாலைப் பணிக்காகத் தோண்டும்போது ஒளியிழைகள் அறுபடுவது நாடு முழுவதும் உள்ள சிக்கல். தோண்டுபவரும் கேபிள் உரிமையாளரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் பொருட்டு 22 மார்ச் 2023 அன்று ஒன்றிய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்னும் செயலியை வெளியிட்டது. இத்தகைய அறுபடுதல்களால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 கோடி ரூபாய் இழப்பு நேர்வதாக அரசு அப்போது குறிப்பிட்டது. மண்ணுக்கடியில் எது உள்ளது என்னும் குறிப்பு தோண்டுபவர் கையில் இல்லாததன் விலை இது எனலாம்.

4.2 முகவரிக் குறிப்பு

ஒவ்வொரு கருவியும் எந்த ஐபி முகவரியில் இயங்குகிறது, எந்த முகவரித் தொகுதி எந்தப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்பதைக் கூறுவது முகவரிக் குறிப்பு. நிறுவனங்களின் உள்வலையமைப்புக்கென ஒதுக்கப்பட்ட தனி முகவரித் தொகுதிகள் 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்னும் ஆவணத்தில் வரையறுக்கப்பட்டன. 192.168 எனத் தொடங்கும் முகவரிகளைப் பலரும் கண்டிருப்பர். தளத்திற்கு ஒரு தொகுதி, கேமராவுக்கு ஒரு தொகுதி, விருந்தினர் வைஃபைக்கு ஒரு தொகுதி எனப் பிரித்து எழுதிவைத்தால், கணினி காட்டும் முகவரியைப் பார்த்த அளவிலேயே அது எங்கு இணைந்துள்ளது என்பது புலப்படும்.

முகவரியே பழுதை உணர்த்தும் இடங்களும் உண்டு. 169.254 எனத் தொடங்கும் முகவரியைக் கணினி காட்டினால், முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையை அது அடையவில்லை என்றும் தனக்குத் தானே ஒரு முகவரியை இட்டுக்கொண்டது என்றும் பொருள். நிறுவனத்தின் குறிப்பில் இல்லாத தொகுதியிலிருந்து முகவரி வந்தால், வலையமைப்புக்குள் வேறு யாரோ முகவரி வழங்குகிறார் என்று பொருள். இரண்டும் வெவ்வேறு பழுதுகள். பயனருக்கோ இரண்டும் ‘இணையம் வரவில்லை’ என்னும் ஒரே புகார்தான்.

4.3 இயல்புநிலைக் குறிப்பு

நால்வகையுள் பெரிதும் புறக்கணிக்கப்படுவது இதுவே. வலையமைப்பு நன்றாக இயங்கும் நாளில் அதன் அளவீடுகள் எவ்வாறு இருந்தன என்பதை எழுதிவைப்பது இயல்புநிலைக் குறிப்பு. நலமாக இருந்தபோது எவ்வளவு என்பது தெரியாவிட்டால், இன்று காணும் அளவு நோயா இல்லையா என்பதைத் துணிய இயலாது.

இரு எடுத்துக்காட்டுகள் இதனை விளக்கும். வீட்டுக்கும் அலுவலகத்திற்கும் ஒளியிழை வழியே இணையம் வழங்கும் ஜிபான் முறையில், வாடிக்கையாளர் பெட்டி பெறும் ஒளியின் அளவு ஏறத்தாழ −8 முதல் −27 டிபிஎம் வரை இருக்கலாம். ஒரு நாள் −25 எனக் காட்டுகிறது என்க. எல்லைக்குள் இருப்பதால் குறை இல்லை என்றே தோன்றும். நிறுவிய நாளில் −18 இருந்தது என்னும் குறிப்பு இருந்தால் செய்தி வேறாகிறது. 7 டெசிபல் குறைவு என்பது வந்து சேரும் ஒளியாற்றல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிட்டதைக் குறிக்கும். இழை எங்கோ மடிந்துள்ளது அல்லது இணைப்பில் அழுக்கு சேர்ந்துள்ளது. முற்றாக அறுபடும் முன்பே அதனைச் சரிசெய்யலாம்.

மற்றொன்று செம்புக் கேபிளைப் பற்றியது. விநாடிக்கு 1000 மெகாபிட் வேகத்திற்கு நான்கு இணை கம்பிகளும் தேவை. 100 மெகாபிட் வேகத்திற்கு இரண்டு இணைகள் போதும். 1000-இல் இயங்கியதாகக் குறிப்பில் உள்ள போர்ட் இன்று 100-இல் இயங்கினால், நான்கில் ஏதேனும் ஓர் இணை அறுந்திருக்க வாய்ப்புண்டு. முந்தைய குறிப்பு இல்லையெனில், கணினி மெதுவாக உள்ளது என்று கணினியையே மாற்றிவிடுவர்.

4.4 மாற்றக் குறிப்பு

நேற்றுவரை இயங்கிய வலையமைப்பு இன்று இயங்கவில்லையெனில் முதலில் கேட்கத்தக்க வினா: இடையில் என்ன மாறியது? இவ்வினாவுக்கு விடையளிப்பது மாற்றக் குறிப்பு. நாளும் நேரமும், செய்தவர், செய்தது, செய்த காரணம், பழைய நிலைக்குத் திரும்பும் வழி என ஐந்து செய்திகள் ஒவ்வொரு பதிவிலும் இருத்தல் நலம். ரவுட்டர், ஸ்விட்ச் ஆகியவற்றின் அமைப்புக் கோப்பை மாற்றத்திற்கு முன்னும் பின்னும் படியெடுத்து நாளிட்டு வைத்தால், இரண்டையும் ஒப்பிட்டு மாறிய வரியை நேரடியாகக் காணலாம். ‘காரணம்’ என்னும் பகுதியைப் பலர் விட்டுவிடுவர். ஓராண்டு கழித்து, தேவையற்றது போலத் தோன்றும் ஓர் அமைப்பை நீக்கலாமா எனத் தயங்கும் மற்றொருவருக்கு அந்த ஒரு வரியே வழிகாட்டும்.

5. ஒரு கற்பனைச் சூழலில் நால்வகைக் குறிப்புகள்

காளவாசலில் மூன்று தளங்கள் கொண்ட பயிற்சி நிறுவனம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கற்பித்துக்கொள்வோம். தளத்திற்கு ஒன்றாக, 24 போர்ட்டுகள் கொண்ட மூன்று ஸ்விட்சுகள் அங்குள்ளன. இரண்டாம் தளத்தில் இணையவழித் தேர்வு நடைபெறும் கூடம் உள்ளது. காலை 10 மணிக்குத் தேர்வு. 9.15-க்குக் கூடத்தின் கணினிகளுள் சில இணையத்தை அடையவில்லை, சில அடைகின்றன. சிறிது நேரத்தில் இயங்கிய கணினி ஒன்றும் மீண்டும் தொடக்கப்பட்டபின் இணைப்பை இழக்கிறது.

ஆவணம் இல்லாத நிலையில் ரவுட்டர் நிறுத்தித் தொடக்கப்படும். இணைப்பு வழங்குநருக்குத் தொலைபேசி செல்லும். தம் பக்கத்தில் குறையில்லை என அவர் சொல்வார். பின்னர் மூன்று ஸ்விட்சுகளின் 72 போர்ட்டுகளிலும் ஐயம் படரும்.

ஆவணம் உள்ள நிலையில் தேடல் வேறு வகையில் செல்லும். முகவரிக் குறிப்பின்படி இரண்டாம் தளத்தின் தொகுதி 192.168.20 எனத் தொடங்க வேண்டும். பழுதான கணினியோ 192.168.1 எனத் தொடங்கும் முகவரியைக் காட்டுகிறது. அத்தொகுதி நிறுவனத்தின் குறிப்பில் எங்கும் இல்லை. ஆனால் கடையில் வாங்கும் வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் அது முன்னமைவாக வருவது. எனவே, யாரோ ஒரு வீட்டு ரவுட்டரை இத்தளத்தின் வலையமைப்பில் செருகியிருக்கிறார்; அது தவறான முகவரிகளை வழங்குகிறது. பழைய முகவரியை இன்னும் வைத்திருக்கும் கணினிகள் இயங்குகின்றன. மீண்டும் தொடக்கப்படுபவை சிக்குகின்றன. சில இயங்கிச் சில இயங்காத புதிர் ஒரே பார்வையில் விடுபடுகிறது. இணைப்பு வழங்குநரும் மற்ற இரு தளங்களும் ஐயப்பட்டியலிலிருந்து நீங்கின; மீதமிருப்பவை 24 போர்ட்டுகள்.

அடுத்து மாற்றக் குறிப்பு பார்க்கப்படும். ‘நேற்று மாலை வரவேற்பறையில் வைஃபை பெட்டி வைக்கப்பட்டது’ என்னும் வரி இருந்தால் தேடல் அங்கேயே முடியும். அவ்வாறு எழுதப்படாவிட்டாலும் வழி அடைபடாது. பழுதான கணினி தன் நுழைவாயிலாகக் கருதும் கருவியின் மேக் முகவரியைக் காட்டும். அந்த முகவரி எந்தப் போர்ட்டின் வழியே வருகிறது என்பதை, மேலாண்மை வசதியுள்ள ஸ்விட்ச் தன் பட்டியலில் காட்டும். ‘17-ஆம் போர்ட்’ என ஸ்விட்ச் சொல்லும். 17-ஆம் போர்ட் எந்த அறை என்பதை இடக் குறிப்பு மட்டுமே சொல்லும். அறைக்குச் சென்று அப்பெட்டியைக் கழற்றி, கணினிகளை மீண்டும் தொடக்கினால் தேர்வு குறித்த நேரத்தில் தொடங்கும்.

இங்குக் கருவி ஒரு பகுதியையும் ஆவணம் ஒரு பகுதியையும் கூறின என்பது நோக்கத்தக்கது. ஸ்விட்சுக்குப் போர்ட் எண் தெரியும், வரவேற்பறை தெரியாது. கருவியின் மொழியை மனிதரின் இடத்தோடு இணைப்பது ஆவணமே.

6. ஆவணம் பொய்க்கும் இடங்கள்

ஆவணம் இருந்தும் பயன்படாத சூழல்கள் சில உண்டு. முதலாவது, பழையதாகிப்போன ஆவணம். தவறான வரைபடம், வரைபடம் இல்லாமையினும் தீங்கானது. அது தேடுபவரைத் துணிவோடு தவறான திசையில் செலுத்தும். வேலையை முடித்தபின் ‘பிறகு எழுதலாம்’ என விடப்படுவது எழுதப்படாமலே போகும். குறிப்பைத் திருத்துவது வேலையின் இறுதிப்படி என்றும், அது முடியும்வரை வேலை முடியவில்லை என்றும் கொள்வதே ஏற்ற வழி. ஒவ்வொரு பக்கத்திலும் ‘கடைசியாகச் சரிபார்த்த நாள்’ என்னும் வரி இருந்தால், படிப்பவர் அதனை எவ்வளவு நம்பலாம் என்பதை அறிவார். பெரிய வலையமைப்புகளுக்கு, 2016-இல் திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்ட நெட்பாக்ஸ் போன்றவை உதவும். சிறு நிறுவனத்திற்கு ஒரு விரிதாள் போதும். அதனைத் திருத்தும் பொறுப்பு பெயர் குறித்த ஒருவரிடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வலையமைப்புக்குள்ளேயே அடைபட்ட ஆவணம். 4 அக்டோபர் 2021 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அதன் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. பழுதை நீக்கப் பயன்படும் உட்கருவிகளும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்தமையால் அவையும் செயலிழந்தன. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் செல்ல நேர்ந்தது. பெருநிறுவனத்திற்கு நேர்ந்தது சிறு நிறுவனத்திற்கும் பொருந்தும். அலுவலகச் சர்வரில் மட்டும் உள்ள குறிப்பு, அச்சர்வரை அடைய இயலாத நாளில் இல்லாததற்குச் சமம். அச்சிட்ட படி ஒன்று கருவிப் பெட்டிக்கு அருகில் இருக்க வேண்டும். கடவுச்சொற்களை அதில் எழுதலாகாது; அவற்றைப் பூட்டிய உறையிலோ கடவுச்சொல் பெட்டக மென்பொருளிலோ வைத்து, எங்குள்ளன என்பதை மட்டும் குறித்தல் வேண்டும்.

மூன்றாவது, நேரம் பொருந்தாத பதிவு. கருவிகள் தாமே எழுதும் நிகழ்வுப் பதிவுகள் மாற்றக் குறிப்புக்குத் துணையாவன. ரவுட்டரின் கடிகாரம் ஒரு நேரத்தையும் கேமராப் பதிவி மற்றொரு நேரத்தையும் காட்டினால், எது முன், எது பின் என்பது தெரியாமல் காரணமும் விளைவும் இடம் மாறித் தோன்றும். இந்தியக் கணினி அவசரநிலைச் செயற்குழுவான செர்ட்-இன் 28 ஏப்ரல் 2022 அன்று வெளியிட்ட நெறியுரைகள், சேவை வழங்குநர்களும் நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தம் கருவிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்றும், பதிவுகளை 180 நாள்கள் பேண வேண்டும் என்றும் கூறுகின்றன. பாதுகாப்பு நோக்கில் எழுந்த இவ்விதிகள் பழுதறிதலுக்கும் பயன்படுவன.

நான்காவது, படிக்க இயலாத ஆவணம். பழுது நேரும்போது அங்கே இருப்பவர் பெரும்பாலும் பொறியாளர் அல்லர். வரவேற்பாளராகவோ காவலராகவோ மையப் பணியாளராகவோ இருப்பார். தொலைபேசியில் பொறியாளர் கேட்கும் முதல் வினா, ‘எந்த விளக்கு எரிகிறது?’ என்பதே. எனவே, முதல் பக்கம் எளிய தமிழில் அமைதல் வேண்டும். கருவியின் ஒளிப்படம், நலமாக உள்ளபோது எரியும் விளக்குகள், முதலில் பார்க்க வேண்டிய மின்செருகி, பேச வேண்டிய எண் ஆகியன அதில் போதும். கருவியின் மேல் அச்சிடப்பட்ட பெயரையும் எண்ணையும் உள்ளவாறே எழுதி, விளக்கத்தைத் தமிழில் தருதல் குழப்பத்தைத் தவிர்க்கும். தொழில்நுட்பத் தமிழ் பற்றிய ஆய்வுகள் கலைச்சொல்லாக்கத்தோடு நில்லாமல், இத்தகைய பயன்பாட்டு ஆவணங்களின் நடையையும் கருத்திற்கொள்வது நலம்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

வலையமைப்பு ஆவணத்தின் பயன் தேடும் பரப்பைச் சுருக்குவதில் உள்ளது. இடக் குறிப்பு போர்ட் எண்ணை அறையாக மாற்றுகிறது. முகவரிக் குறிப்பு ஒரே புகாருக்குள் மறைந்துள்ள வெவ்வேறு பழுதுகளைப் பிரிக்கிறது. இயல்புநிலைக் குறிப்பு, முற்றும் முன்பே குறையைக் காட்டுகிறது. மாற்றக் குறிப்பு, காலத்தில் பின்னோக்கிச் செல்ல உதவுகிறது.

தேனி வட்டார வலையமைப்பின் பட்டறிவு, மின்வழங்கலும் அளவீட்டு வரலாறும் நம் சூழலில் ஆவணத்தின் இன்றியமையாத பகுதிகள் என்பதை உணர்த்துகிறது. ஆவணம் உண்மையாக இருக்க, மாற்றம் செய்பவரே அதனைத் திருத்த வேண்டும். அது வலையமைப்புக்கு வெளியேயும் இருக்க வேண்டும். அங்கிருப்பவர் மொழியில் இருக்க வேண்டும்.

ஒரு சிறு நிறுவனம் இன்றே தொடங்க விரும்பினால், அனைத்தையும் ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை. கேபிள்களின் இரு முனைகளிலும் எண் ஒட்டுதல், முகவரிகளை ஒரு தாளில் எழுதுதல், நன்றாக இயங்கும் ஒரு நாளின் அளவீடுகளைக் குறித்தல், ஒரு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இன்றைய நாளை இட்டு மாற்றங்களை எழுதத் தொடங்குதல் ஆகிய நான்கும் தொடக்கத்திற்குப் போதும். அடுத்து வரும் பழுது எதுவாயினும், அதைத் தேடுபவர் யாராயினும், அவர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியிராது.